கேட் திறக்கிற வரைக்கும்

வினோ இல்லைங்க தம்பி. பிள்ளையக் கூப்பிட ஸ்கூலுக்குப் போயிருக்கா, வந்துருவா. நீங்க உள்ள வாங்க. வெளிக் கேட்ட நானே கொண்டி போட்டுக்கிறேன், இல்லைன்னா ஆடு வந்து செடியப் பூரா மேஞ்சுரும். அந்தச் சேர்ல வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. நான் வினோவோட ஓரகத்தி. மூத்தவ. எங்க வீட்டுக்காரரும் அவ வீட்டுக்காரரும் அண்ணன் தம்பி. நாங்க கீழ, அவங்க மாடியில. என் பேரு தங்கபுஷ்பம்.

மெட்ராஸ்ல இருந்தா வர்றீங்க? இந்த வெயில்ல கோவில்பட்டிக்கு யாரு வருவா. என்ன விஷயமா?

என்னது? என்ன கேமு? ‘கேட் போட்டாச்சு’வா?

அதச் செஞ்சதே நீங்கதானா? இளம்பரிதின்னு போட்டிருக்குமே, அது நீங்களா? அடக் கடவுளே! நான் நல்லா வயசான ஆளா இருக்கும்னு நினைச்சேன். மீசை கூட சரியா முளைக்கலை. இருங்க, அடுப்ப அணைச்சுட்டு ஓடியாறேன்.

ம், இப்பச் சொல்லுங்க. ரெண்டாவது பாகம் வரப்போகுது. சரி. கேட்ல நிக்கிற கூட்டத்துல புதுசா ஒரு ஆளு சேக்கப் போறீங்க. சரி. இந்த வீட்ல இருந்து ஒருத்தரு, அவங்க முகத்தோட, அவங்க குரலோட...

போதும் தம்பி. புரிஞ்சிருச்சு. வினோவக் கேமுக்குள்ள வெக்கப் போறீங்க. வேற யார வெப்பீங்க, ஊரே அவளத்தான் சொல்லுது. இல்ல, இருங்க, நான் பேசி முடிச்சுர்றேன். அவ வந்துட்டா நான் வாயத் திறக்க முடியாது. அவ பேச ஆரம்பிச்சா அடுத்தவங்களுக்கு இடமே கிடையாது. நீங்க கொஞ்சம் கேளுங்க.

அவள வெச்சுராதீங்க தம்பி. என்னைய வைங்கன்னு நான் கேக்கல. ஒரு மாட்டக் கூட வைங்க. அவள மட்டும் வேண்டாம்.

ஏன்னு சொல்றேன். என் மகன் கிருபா காலேஜுக்குக் கோயம்புத்தூர் போனப்ப அவன் பழைய போன எனக்குக் குடுத்துட்டுப் போனான். அதுல கேமா இருந்துச்சு. ஒண்ணுல சுடணும், ஒண்ணுல ஓடணும், ஒண்ணுல மிட்டாய உடைக்கணும். எனக்கு எதுவும் பிடிக்கல. வீட்ல செய்யிற வேலை பத்தாதுன்னு இதுல வேற ஓடணுமா. அப்படித் தேடிக்கிட்டிருக்கையிலதான் வெள்ளையும் சிவப்புமா கேட் கம்பி போட்ட படம் வந்துச்சு. நம்ம ஊரு ரயில்வே கேட் மாதிரியே இருக்கேன்னு இறக்கினேன்.

உள்ளதச் சொல்றேன், முதல்ல எனக்கும் எரிச்சல்தான். நாம கேட் கீப்பரு. மணி அடிக்கும், கேட்டப் போடணும். ரயில் போகும், திறக்கணும். அவ்வளவுதான். நடுவுல நிக்கிற கூட்டம் ஹாரன் அடிச்சுக் கொல்லும். ‘சீக்கிரம் தொறப்பா’ன்னு கத்தும். நாம திரையத் தொட்டா இன்னும் கத்தும். ரயிலும் சட்டுன்னு வராது. அழிச்சுரலாம்னுதான் இருந்தேன்.

அப்ப தீபாவளி வந்துச்சு. அதிரசம் சுட்டுக்கிட்டிருக்கேன். போன உப்பு ஜாடியில சாய்ச்சு வெச்சிருக்கேன். மணி அடிக்குது, முழங்கையால கேட்டப் போட்டேன். அதுக்கு மேல தொட முடியாது, கை பூரா பாகு மாவு. அடுப்புல எண்ணெய் காயுது. ஹாரன் அடிக்கிறான், அடிக்கிறான், நான் கண்டுக்கல. கொஞ்ச நேரத்துல பாத்தா முன்னால நிக்கிற டிவிஎஸ் வண்டிக்காரன் இன்ஜின அணைச்சுட்டான். அவனப் பாத்துப் பின்னால லாரிக்காரன். அப்புறம் ஆட்டோ. ஒவ்வொண்ணா அணைச்சு, சத்தமே இல்ல. காக்கா கத்துறது கேக்குது. அந்த டிவிஎஸ்ல பின்னால உக்காந்திருந்த பொம்பள மெதுவாச் சொல்றா, ‘அந்தச் சாவிய அத்தைகிட்டயே குடுத்துருவோமா?’

எந்தச் சாவி? எந்த அத்தை? கேக்கறதுக்குள்ள ரயில் வந்துருச்சு. கேட்டத் திறந்தா போயிட்டாங்க. சாவி நினைப்புல எனக்கு ஒரு சட்டி அதிரசம் கருகிப் போச்சு தம்பி.

அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது. சும்மா இருக்கணும். திரையத் தொடாம சும்மா இருந்தா அவங்க பேசுவாங்க. தினம் அதே ஆளுங்கதான் வருவாங்க, விட்ட இடத்துல இருந்து பேச்சு தொடரும். சோடாக் கேஸ் கட்டின சைக்கிள்காரரு தன் மகளப் பத்திப் பேசுவாரு. லாரிக்காரன் போன்ல யாருகிட்டயோ மன்னிப்புக் கேப்பான். டிவிஎஸ் ஜோடி மாமியார் கூடச் சண்டை போட்டுத் தனிக்குடித்தனம் போறாங்க, அந்தச் சாவி பழைய வீட்டுச் சாவின்னு எனக்குப் புரியவே ரொம்ப நாள் ஆச்சு. கடைசியில ஒரு நாள், சாமானெல்லாம் ஏத்திக்கிட்டு நிக்கிறாங்க, அவ அவன் தோள்ல கைய வெச்சு ‘வண்டியத் திருப்புங்க’ங்கறா.

எங்கிட்டுத் திருப்ப? நம்ம ஊருல கேட் போட்டா எப்படி நிப்பாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியுமே. ரோடு பூரா அடைச்சுக்கிட்டு, எதிர்த்தாப்புல வர்றவனுக்குக் கூட இடம் விடாம. அந்த நெரிசல்ல, அதுவரைக்கும் ஹாரன் அடிச்சுக் கொன்ன அதே கூட்டம், ஒருத்தன் பைக்க இழுக்கிறான், ஒருத்தன் சைக்கிளத் தூக்கி ஓரமா வெக்கிறான், லாரிக்காரன் இறங்கி ‘வா, வா, ஒடி, ஒடி’ங்கறான். ஒரு டிவிஎஸ் திரும்புறதுக்கு அத்தனை பேரும் வழி விடுறாங்க. நான் அடுப்படியில உக்காந்து ஓன்னு அழுதேன். எங்க வீட்டுக்காரர் யாரோ செத்துப் போயிட்டாங்கன்னு நினைச்சுப் பக்கத்துல இருக்கிற நம்ம பெயிண்ட் கடையில இருந்து ஓடி வந்துட்டாரு.

இதப் போயி மொக்கைன்னான் தம்பி. ‘தூக்கம் வரலைன்னா இத இறக்கவும்’னு ஒருத்தன். ‘ஒரு ஸ்டாரே அதிகம்’னு ஒருத்தன். ‘கேட்டத் திறந்தா ரெண்டு பக்கத்து வண்டியும் முட்டிக்கிட்டு நிக்குது, கேம்ல கோளாறு’ன்னு ஒரு அறிவாளி. டேய், அது கோளாறு இல்லடா, அதான்டா கேட்டு! அப்புறம் அந்தத் தொப்பிக்காரப் பய, யூடியூப்ல கேம் எல்லாத்துக்கும் மார்க் போடுவானே, அவன். திரையப் போட்டுத் தட்டு தட்டுன்னு தட்டிட்டு, ‘இதுக்கு நிஜ கேட்லயே போயி நிக்கலாம், சுண்டலாவது கிடைக்கும்’னு சிரிக்கிறான். அதுக்கு லட்சம் பேரு கை தட்டுறாங்க.

குறையே இல்லைன்னு நான் சொல்லல. ரயிலு எப்பவும் அதே நீலக் கலருதான் வருது. அந்த மாடு கம்பிக்குள்ள கழுத்த மாட்டிக்கிட்டு ஒரு நாள் பூரா நின்னுச்சு, அதச் சரி பண்ணுங்க. ஆனா கடைசி வரைக்கும் பாக்காம ஒருத்தன் எப்படித் தீர்ப்புச் சொல்லலாம்? பொறுமையா இருந்து முழுசாப் பாத்துட்டுல்ல பேசணும். அதான நாயம்? நீங்களே சொல்லுங்க. வேண்டாம், அப்புறம் சொல்லுங்க.

நான் விடலையே. ஒவ்வொரு ஒத்த ஸ்டாருக்கும் கீழ போயி பதில் எழுதினேன். ‘தொடாம இருந்து பாருங்கள்’னு. எழுதினது நான், பேரு மட்டும் கிருபா பேரு. அவன் ஸ்கூல்ல படிக்கையில வெச்ச பேரு அந்த போன்ல அப்படியே கிடந்துச்சு, மாத்தத் தெரியல. ‘ராக்கெட் கிருபா’ன்னு வரும். ஆமா, அது நான்தான்! ஏன் அப்படிப் பாக்குறீங்க? நீங்க கூட ஒரு தடவை ‘ரொம்ப நன்றி தம்பி, நீங்க ஒருத்தராவது புரிஞ்சுக்கிட்டீங்களே’ன்னு போட்டீங்க. என்னையத் தம்பின்னதுல கொஞ்சம் வருத்தந்தான். ஆனாலும் அன்னைக்குப் பூரா எனக்குத் தரையில கால் பாவல.

இப்ப வினோவுக்கு வர்றேன். அவ கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்தே எனக்கு இதே கதைதான். இட்லிக்கு ஆட்டுறது நானு, அவிக்கிறது நானு. அவ மேல ஒரு சட்னிய அரைச்சு எடுத்துட்டு வருவா. சாப்பிட வந்தவங்க எல்லாம் ‘சட்னி பிரமாதம்’பாங்க. எங்க அத்தைக்கு மூட்டு வலி, தைலம் தேச்சு விடுறது நானு. ‘வினோ வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போனா வலியே தெரியல’ன்னு அது சொல்லும். குணம் கெட்டவன்னு நான் சொல்ல மாட்டேன். நல்ல பிள்ளைதான். அதுதான் எரிச்சல். ஒரு குத்தம் கண்டுபிடிக்க விட மாட்டா.

அவளுக்கு யூடியூப்ல ஒரு சேனல் உண்டு. ‘மாடிவீட்டு வினோ’. ரசம் வெக்கிறது, புடவை மடிக்கிறது, அப்படி எதையாவது போடுவா. இந்தக் கேம முதல்ல நான் காட்டினப்ப என்ன சொன்னா தெரியுமா? ‘என்னக்கா, நம்ம ஊரு கேட்ல நின்னது பத்தலையா’ன்னு சிரிச்சா. ‘தொடாதடி’ங்கறேன், டொக்கு டொக்குன்னு தட்டிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

அப்புறம் போன வருஷம் மாடிப்படியில கால் பிசகி, கட்டுப் போட்டுப் படுத்துட்டா. மூணு வேளையும் நான்தான் சோறு கொண்டு போனேன். பாவம், அங்கிட்டு இங்கிட்டு அசைய முடியாம ஒரே அழுகை. ஒரு மதியானம் போன அவ முன்னால தலகாணியில சாய்ச்சு வெச்சு, ‘திரையத் தொடாத. சும்மா இரு. இன்ஜின அணைக்கிற வரைக்கும் இரு’ன்னேன். படுத்துக் கிடக்கிறவ, வேற எங்க போவா, இருந்தா. அன்னைக்கு சாவியப் பத்தி அந்தப் பொம்பள பேசினதும் படக்குனு என்னையப் பாத்தா.

அதுக்கப்புறம் தினம் மதியானம் சாப்பாட்டுத் தட்டக் கழுவி வெச்சுட்டு மேல போயிருவேன். ரெண்டு பேரும் பாப்போம். லாரிக்காரன் யாருகிட்ட மன்னிப்புக் கேக்குறான்னு சண்டை போடுவோம். அவ பொண்டாட்டிங்கறா, நான் அவன் அண்ணன்கிட்டங்கறேன். டிவிஎஸ் திரும்புன அன்னைக்கு என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா. நானும் அழுதேன். கல்யாணமாகி வந்ததுல இருந்து நாங்க ரெண்டு பேரும் அப்படி உக்காந்ததே இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு அந்த நாளு.

கால் சரியாச்சு. கீழ இறங்கினா. இறங்கின கையோட வீடியோவப் போட்டா.

‘யாருக்கும் தெரியாத கேம், அதுக்குள்ள ஒரு ரகசியம்’. அன்னைக்குச் சாயங்காலமே பிச்சுக்கிட்டுப் போகுது. ஊரெல்லாம் பாக்குது, சிங்கப்பூர்ல பாக்குது. தொப்பிக்காரன் தொப்பியக் கழட்டி வெச்சுட்டு ‘நான் அவசரப்பட்டுட்டேன்’னு மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போடுறான். நான் அவனுக்கு எத்தனை எழுதியிருப்பேன், ஒண்ணுக்காவது பதில் சொன்னானா? காய்கறிக் கடையில கேக்குறாங்க, ‘உங்க வீட்டு வினோ கண்டுபிடிச்ச கேமாமே!’ எங்க வீட்டுக்காரரே சோத்தப் பிசைஞ்சுக்கிட்டு, ‘நம்ம வினோவுக்கு என்னா மூளை’ங்கறாரு. அவருக்குத் தெரியாதா? நான் அழுதப்ப ஓடி வந்த மனுசன்! மறந்துட்டாரு. வயிறு எரிஞ்சுச்சு தம்பி. நிஜமாவே சொல்றேன், வயிறு எரிஞ்சுச்சு.

எல்லாரும் விளையாடணும்னுதான சண்டை போட்டீங்க, இப்ப விளையாடுறாங்களே, பின்ன என்னன்னு கேப்பீங்க. ஆமா, விளையாடணும். ஆனா நான் சொல்லி விளையாடணும். அந்த டிவிஎஸ் பொம்பள நான் ஒருத்தி மட்டும் தெரிஞ்சு வெச்சிருந்த பொம்பள. இப்ப பஸ்ல போறவன் வர்றவன் எல்லாம் ‘சாவி அக்கா, சாவி அக்கா’ங்கறான். அவள எனக்குத் தெரியும்டா, நீங்க எல்லாரும் ஹாரன் அடிச்சுக்கிட்டிருந்தப்பவே தெரியும்டான்னு கத்தணும் போல இருக்கு.

வீடியோவா? பாத்தேன். பூராவா? எதுக்குப் பூரா? ‘வணக்கம் மக்களே’ன்னு பல்லக் காட்டிட்டு, ‘இதுல ஒண்ணே ஒண்ணுதான், திரையத் தொடாம சும்மா இருக்கணும்’னு சொன்னா பாருங்க, அதோட அணைச்சுட்டேன். அது என் வார்த்தை தம்பி. என் வாயில இருந்து எடுத்துக்கிட்டா. அணைக்கிறதுக்கு முன்னால அந்தக் கட்டைவிரல் இருக்குல்ல, கீழ பாத்த கட்டைவிரலு, அத ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கினேன். அதோட விட்டேனா, ‘இது என்ன உங்க சொந்தக் கண்டுபிடிப்பா?’ன்னு கீழ எழுதியும் வெச்சேன், ராக்கெட் கிருபா பேருல. அதுக்கு அவ ஒரு சிவப்பு இதயத்தப் போட்டு, ‘இல்லைங்க, கடைசி வரைக்கும் பாருங்க’ன்னு பதில் போடுறா. எவ்வளவு கொழுப்பு! கடைசி வரைக்கும் பாக்கணும்னு எனக்கே பாடம் நடத்துறா. எல்லாம் ஆளு கூட்டுற தந்திரம்.

நேர்லயும் ஒரு நாள் இறங்கி வந்தா. நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டிருக்கேன். ‘அக்கா, வீடியோ பாத்தீங்களா?’ன்னா. பாத்தேன்னேன். ‘பூராம் பாத்தீங்களா?’ன்னா. பாத்தேன் பாத்தேன், நல்லாருந்துச்சுன்னேன். அப்படியே நின்னா. ஏதோ நான் இன்னும் சொல்லப் போற மாதிரி நின்னுக்கிட்டே இருந்தா. நான் நிமிரவே இல்ல. ‘சரிக்கா’ன்னுட்டு மேல ஏறிப் போயிட்டா. பாராட்டுனது பத்தல போல. அதுக்கப்புறம் மதியானம் நான் மேல போறதில்ல. சும்மா உக்காந்து கேமப் பாத்தாலும் பிடிக்கல. அந்தச் சோடாக்காரரு பேசுறப்ப, அவரு மகளுக்கு என்ன ஆச்சுன்னு அடிச்சுக்கப் பக்கத்துல ஆளு இல்ல.

இப்ப நீங்க வேற வந்து நிக்கிறீங்க. அவ முகத்த அந்தக் கேட்ல நிறுத்திட்டீங்கன்னா, நான் மறுபடி அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க முடியுமா? எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான் தம்பி. அதான் சொன்னேன். முடிச்சுட்டேன். இப்ப நீங்க பேசலாம்.

என்ன, போன நீட்டுறீங்க? அதான் பாத்துட்டேன்னு சொன்னேன்ல. கடைசியிலயா? கடைசியில என்ன இருக்கு? சரி குடுங்க, வீடு தேடி வந்திருக்கீங்க.

இது எங்க அடுப்படி. இத எப்ப எடுத்தா? இது நான்தான், முதுகு தெரியுது. அந்தப் பழைய பச்சைச் சேலை. சட்டி முன்னால நிக்கிறேன். உப்பு ஜாடி கிட்ட போன் இருக்கு. சத்தத்தக் கொஞ்சம் கூட்டுங்க தம்பி.

‘...இதக் கண்டுபிடிச்சது நான் இல்ல மக்களே. எங்க தங்கம் அக்கா. அதிரச மாவுக் கையோட கண்டுபிடிச்சாங்க. அவங்களுக்கு வீடியோன்னாலே ஆகாது, அதான் திருட்டுத்தனமா முதுக மட்டும் எடுத்தேன். நான் கால் கட்டோட கிடந்தப்ப தினம் வந்து என் பக்கத்துல உக்காந்து, சும்மா இருக்கிறது எப்படின்னு எனக்குக் கத்துக் குடுத்தாங்க. எனக்கு அதுக்கு முன்னால அது தெரியாது. இந்தக் கேம் செஞ்சவங்க யாராவது இதப் பாத்தீங்கன்னா, அந்தக் கேட்ல எங்க அக்காவுக்கு ஒரு இடம் குடுங்க. மாவுக் கையோடயே நிறுத்துங்க...’

அப்ப நீங்க பாக்க வந்தது...

வாசல்ல நின்னு நீங்க என்ன சொன்னீங்க? வினோ மேடம்தான் அட்ரஸ் குடுத்தாங்கன்னா? அவ இல்லாத நேரமாப் பாத்து வரச் சொன்னாளா? நான் எங்க உங்கள முடிக்க விட்டேன்.

அப்ப ராக்கெட் கிருபான்னு எழுதினது யாருன்னு அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? கிருபா என்ன, எவன் பிள்ளையோவா? அவ புருசனுக்கு அண்ணன் மகன், பேரு தெரியாதா? அந்த இதயத்த என்னன்னு தெரிஞ்சேதான் போட்டிருக்கா. வெங்காயம் உரிக்கையில வந்து நின்னாளே தம்பி. அப்படியே நின்னுக்கிட்டே இருந்தாளே.

ஊருல ஒருத்தரும் கடைசி வரைக்கும் பாக்கல போல, நானுந்தான். இன்னொரு தடவை போடுங்க.

பாத்தீங்களா, இதையும் எவ்வளவு அழகாப் பேசுறா பாவி. எனக்கு இப்படி வருமா? இதுலயும் என்னைய முந்திக்கிட்டா.

அது அவ ஸ்கூட்டி சத்தம்தான். வந்துட்டா. தம்பி, சீக்கிரம், இந்தாங்க என் போனு. அந்தக் கட்டைவிரல நான் அமுக்கினேன்ல, அத எப்படி எடுக்கிறது? எங்க தொடணும்? இதையா? ஒரு தடவையா, ரெண்டு தடவையா? நீங்களே அமுக்குங்க. இல்ல, வேண்டாம், நான்தான் அமுக்கணும்.

வெளிக் கேட்டா? கொண்டி போட்டுத்தான் இருக்கு. நான் போய்த்தான் திறக்கணும். நீங்க எந்திரிக்காதீங்க, ஒரு நிமிசம் நிக்கட்டும், முகத்தத் தொடைச்சுக்கிறேன்.

ஹாரன் அடிக்கிறாளா பாருங்க. அடிக்கல. இன்ஜின அணைச்சுட்டா.